வாய் திறப்பதற்கு முன் நடக்கும் வேலை: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். நானும் அப்படிப் படித்து வளர்ந்தவன்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் திக்கித்தான் பேசுகிறேன். நேரில் சொல்ல நெடுநேரம் பிடிக்கும் விஷயம் இது. எழுத்தில் எனக்கு அந்தத் தடை இல்லை என்பதால் மடலாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 100 பேருக்கு ஒருவருக்குத் திக்கல் இருக்கிறது. எந்த நாடு, எந்த மொழி என்றாலும் இதே அளவுதான். குழந்தைகளில் இன்னும் அதிகம், 20-ல் ஒரு பிள்ளையாவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்கும். பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும். அவர்களில் நாலில் மூன்று பேருக்காவது பள்ளிப் பருவத்திலேயே சரியாகிவிடும். மிச்சமிருப்பவர்களுக்கு அது கூடவே வளரும். அப்படிப் பார்த்தால் 1000 பேர் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 10 பேராவது இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் உங்களுக்குத் தெரிந்து எத்தனை பேர்? இரண்டு பேர், மூன்று பேர் என்பீர்கள். மற்றவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் கண்ணில் படாமல் இருக்கிறார்கள். அப்படிப் படாமல் இருப்பதற்காகக் காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும் வரை அவர்கள் படும் பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

சமூக அறிவியல் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். "காவிரி எங்கே உற்பத்தியாகுது?" என்று ஒரு பையனை எழுப்பிக் கேட்கிறீர்கள். குடகு மலையில், தலைக்காவிரியில் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவன் எழுந்து நிற்பதற்குள்ளேயே உள்ளே வேறொரு வேலை தொடங்கிவிடுகிறது. 'கு' வருமா? வராது, தொண்டையிலேயே நின்றுவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. திக்குகிறவர்களில் பலருக்கு, அடைக்கப்போகும் சொல் வாய்க்கு வரும் முன்பே தெரிந்துவிடும். சரி, 'தலைக்காவிரி' என்று தொடங்கலாமா? 'த' அதைவிட மோசம். 'கர்நாடகா'? மறுபடியும் 'க'. முன்னால் "அது வந்து" என்று போட்டு அந்த வேகத்தில் சொல்லைத் தள்ளிவிடலாமா? போன வாரம் அப்படித்தான் செய்தான், "வந்து வந்துன்னு இழுக்காதே" என்று திட்டு விழுந்தது. கடைசியில் "மேற்குத் தொடர்ச்சி மலையில சார்" என்கிறான். தடையில்லாமல் வருகிறது. "அது எல்லாருக்கும் தெரியும்டா, எந்த இடம்னு சொல்லு" என்கிறீர்கள். "தெரியல சார்." உட்கார்ந்துவிடுகிறான்.

எல்லாம் மூன்று நான்கு நொடிக்குள் முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்தது, பாடத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு வந்த ஒரு பையனை. அவன் அதற்குள் நாலு சொற்களை எடுத்துப் பார்த்து மூன்றைத் தள்ளியிருக்கிறான், ஒரு வாக்கியத்தை உடைத்துக் கட்டியிருக்கிறான், மூச்சை அடக்கியிருக்கிறான், முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான், பின் பெஞ்சில் யார் சிரிக்கப்போகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறான். பக்கத்தில் இருப்பவன் ஒரு தேர்வு எழுதும் நேரத்தில் இவன் இரண்டு தேர்வு எழுதுகிறான். இரண்டாவது தேர்வின் விடைத்தாள் யார் கைக்கும் போவதில்லை.

இதில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் திக்குவதே உங்களுக்குத் தெரியாது. 'தண்ணீர்' வராது என்றால் 'குடிக்க ஏதாவது' என்பார்கள். 'கணக்கு' வராது என்றால் 'மேத்ஸ்'. தமிழில் சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். வராத சொல்லை வாக்கியத்தின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, வருகிற சொல்லை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை இதையெல்லாம் தானாகக் கற்றுக்கொண்டுவிடுகிறது. இவ்வளவு சொல்வளமும் இலக்கண லாகவமும் அதற்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரிவதில்லை.

மாற்ற முடியாத சொற்களும் உண்டு. அதில் முதலாவது சொந்தப் பெயர். அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. புதிய வகுப்பின் முதல் நாளில் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லும் சடங்கு, திக்கும் பிள்ளைக்கு வருடத்திலேயே கொடுமையான பத்து நிமிடம். தன் பெயரையே மறந்தவன் மாதிரி நிற்பதை நாற்பது பேர் பார்க்கிறார்கள். இன்னொன்று "உள்ளேன் ஐயா". வருகைப் பதிவேட்டில் தனக்கு முன்னால் இருக்கும் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து வரும்போது அந்தப் பிள்ளையின் நெஞ்சு அடித்துக்கொள்வதை, பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்திருப்பவனாலும் உணர முடியாது. பதில் வரத் தாமதமானால் 'ஆப்சென்ட்' விழும். வகுப்பிலேயே இருந்துகொண்டு வராதவனாகப் பதிவானவர்களை எனக்குத் தெரியும்.

வரிசையாக ஒவ்வொருவரும் ஒரு பத்தி வாசிக்கும் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று அந்தப் பிள்ளை முன்கூட்டியே எண்ணிவிடும். அப்புறம் அந்தப் பத்தியில் எந்தெந்தச் சொல் அடைக்கும் என்று தேடும். எழுதியிருப்பதை மாற்றி வாசிக்கவும் முடியாது. முறை வருகிற வரைக்கும் மற்றவர்கள் வாசித்தது எதுவும் காதில் விழாது. தன் முறை முடிந்த பிறகும் அவமானம் அடங்க வேண்டும், அதனால் அதற்குப் பிறகு வாசித்ததும் விழாது. அந்தப் பாடவேளை முழுக்கப் போய்விடும். "இவனுக்குக் கவனமே இல்லை" என்று நீங்கள் வருத்தப்படும்போது, அந்த வகுப்பிலேயே அதிகக் கவனத்தோடு உட்கார்ந்திருந்தவன் அவன்தான். கவனம் பாடத்தின் மேல் இல்லை, அவ்வளவுதான்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வளர்ந்தவர்களில் திக்குகிறவர்கள் நாலு ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவில் இருப்பதால், ஒரு பெண் திக்குவாள் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. ஒரு பையன் வாயைத் திறக்காவிட்டால் ஏன் என்று கேட்பவர்கள், ஒரு பெண் வாயைத் திறக்காவிட்டால் "அடக்கமான பொண்ணு" என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல இருந்தது என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கு வெளியே இது எப்படித் தொடர்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறங்க வேண்டிய ஊரின் பெயர் வராததால் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. சாப்பிட நினைத்ததை விட்டுவிட்டு, வாயில் வருவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. போன் அடித்தால் எடுக்காமல் இருந்துவிட்டு அப்புறம் வாட்ஸாப்பில் செய்தி அனுப்புவோம். என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்பதைக்கூடப் பிடித்ததை வைத்து முடிவு செய்யாமல், எங்கே குறைவாகப் பேச வேண்டியிருக்கும் என்பதை வைத்து முடிவு செய்தவர்கள் ஏராளம். குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு மட்டும் 275. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதக்கூடிய ஒரு பிள்ளை அந்த 275-ஐ நினைத்து விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்டால், அதற்கான காரணம் ஏதோ ஒரு ஆறாம் வகுப்பில் தொடங்கியிருக்கும்.

பயத்தால்தான் திக்குகிறது என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். பயம் பின்னால் வந்து சேர்ந்தது. திக்கலின் வேர் மூளை பேச்சை நேரம் தவறாமல் ஒழுங்குபடுத்தும் விதத்தில் இருக்கிறது. பரம்பரைக்கும் அதில் பெரிய பங்குண்டு. 2010-ல் டென்னிஸ் டிரேனா என்ற அமெரிக்க மரபியல் அறிஞரின் குழு, பாகிஸ்தானில் தலைமுறை தலைமுறையாகத் திக்கல் இருந்த குடும்பங்களில் தொடங்கி, அதனோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை அடையாளம் கண்டது. அதற்குப் பிறகு வேறு சிலவும் தெரியவந்துள்ளன. வளர்ப்பு சரியில்லை, அப்பா அடித்தார், யாரையோ பார்த்துக் கேலி செய்து அது ஒட்டிக்கொண்டது என்று சொல்வதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. நாக்கிலும் கோளாறு இல்லை. 1841-ல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பெரிய அறுவை மருத்துவர், திக்கலைச் சரிசெய்வதாக நோயாளிகளின் நாக்கின் அடிப்பகுதியில் வெட்டி எடுத்தார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. நம் ஊரில் வசம்பை இழைத்து நாக்கில் தடவுகிறோம், வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு படிக்கச் சொல்கிறோம். குற்றம் இல்லாத நாக்கைத்தான் எல்லா ஊரிலும் தண்டித்திருக்கிறார்கள்.

உங்களுக்கு நியாயமாக வரக்கூடிய ஒரு சந்தேகம் இருக்கிறது. "எல்லாரோடும் சேர்ந்து செய்யுள் சொல்லும்போது திக்கவே இல்லையே. ஆண்டு விழாவில் பாட்டுப் பாடினானே. இப்போது மட்டும் எப்படி?" பலரோடு சேர்ந்து வாசித்தால் திக்கல் ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துவிடும். பாடினாலும் அப்படித்தான். தனியாக, யாரும் கேட்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்து பேசினாலும் மறையும்; நாய்க்குட்டியிடமும் கைக்குழந்தையிடமும் பலருக்கு மறையும். இது உலகம் முழுவதும் பதிவான விஷயம். ஒரே பிள்ளை திங்கட்கிழமை நன்றாகப் பேசிவிட்டு, செவ்வாய்க்கிழமை ஒரு சொல்லில் அரை நிமிடம் மாட்டிக்கொண்டு நிற்கலாம். அதனால் யாரும் நடிப்பதாக ஆகாது. "நடிக்காதே, நேத்து சொன்னியே" என்று எனக்கு ஒரு ஆசிரியர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நல்ல நாட்களிலும் வாய் திறக்கப் பயந்தேன். இன்றைக்குச் சரளமாகப் பேசிவிட்டால் நாளைக்குத் திக்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே.

ஆசிரியரின் ஒரு சொல் இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. 1939-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில் ஒரு மாணவி ஆய்வு செய்தார். ஆதரவற்றோர் இல்லத்தில் இருந்த 22 குழந்தைகள். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சிலரிடம், "உன் பேச்சில் குறை இருக்கிறது, திக்க ஆரம்பித்திருக்கிறாய், சரியாக வராது என்றால் பேசாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இல்லத்து ஆசிரியர்களிடமும் அப்படியே சொல்லிவைத்தார்கள். அந்தக் குழந்தைகள் திக்குவாயர்களாக மாறிவிடவில்லை என்றுதான் பின்னாளில் அந்தப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் பேசுவதைக் குறைத்தார்கள். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்கள், வகுப்பில் ஒதுங்கினார்கள். ஜான்சனும் திக்கிப் பேசுகிறவர்தான், காரணத்தைக் கண்டுபிடிக்கும் தவிப்பில் செய்தார் என்பது அந்தக் கதையின் இன்னொரு துயரம். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-ல்.

நல்லெண்ணத்தோடு நாம் சொல்லும் பலவும் அதே வேலையைத்தான் செய்கின்றன. "மெதுவாச் சொல்லு, பதட்டப்படாதே, மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு." இதைக் கேட்டதும் பிள்ளைக்குப் புரிவது, என்ன சொல்கிறேன் என்பதை யாரும் கேட்கவில்லை, எப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பது. சொல்லை முடித்துக் கொடுப்பதும் அப்படித்தான். பாதியில் நிற்கும் சொல்லை நீங்கள் எடுத்துச் சொல்லிவிட்டால், அவ்வளவு நேரம் உள்ளே தள்ளித் தள்ளி வாசல் வரைக்கும் கொண்டுவந்த உழைப்பு அந்தப் பிள்ளையின் கையிலிருந்து போய்விடுகிறது. அதிலும் பல நேரம் நீங்கள் எடுத்துச் சொல்வது, அது சொல்ல வந்த சொல்லாகவே இருக்காது. மறுத்துச் சொல்லத் திரும்பத் தொடங்க வேண்டும் என்பதால், சரி என்று தலையாட்டிவிடும்.

இன்னொன்றைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். "இன்னைக்குத் திக்கவே இல்லையே, சூப்பர்!" என்று பாராட்டாதீர்கள். அன்றைக்குத் திக்காததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: தற்செயலாக நல்ல நாள், அல்லது வராத சொற்களையெல்லாம் தவிர்த்துவிட்டு வருகிற சொற்களை மட்டும் பேசியது. முதலாவதுக்கு அந்தப் பிள்ளை எதுவும் செய்யவில்லை. இரண்டாவதைப் பாராட்டினால் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளச் சொல்லித் தருகிறோம்.

நான் இவ்வளவு நேரம் விவரித்த அந்த உள்வேலையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ஒளிப்பதற்காகச் செய்யும் வேலை. சொல்லை மாற்றுவது, தெரிந்ததைத் தெரியாது என்பது, வயிற்றுவலி என்று விடுப்பு எடுப்பது. இன்னொன்று சொல்வதற்காகச் செய்யும் வேலை. அடைக்கும் என்று தெரிந்தும், சிரிப்பார்கள் என்று தெரிந்தும், 'மேற்குத் தொடர்ச்சி மலை' தயாராகக் கையில் இருந்தும், "கு... கு... குடகு" என்று அந்தச் சரியான சொல்லையே சொல்லித் தீர்ப்பது. முதல் வகை வேலையை மெச்சச் சொல்லி நான் கேட்கவில்லை. அது வீணாகப் போகும் உழைப்பு, ஒரு குழந்தையின் மேல் விழக் கூடாத பாரம். அது தேவைப்படாத வகுப்பை நீங்கள் உண்டாக்க வேண்டும். இரண்டாவதைத்தான் காண வேண்டும் என்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் முதலாவது சரளமாகத் தெரியும், இரண்டாவது தடுமாற்றமாகத் தெரியும். காதால் மட்டும் கேட்டு மதிப்பெண் போட்டால் தலைகீழாகத்தான் போடுவோம்.

மதிப்பெண் என்றதும் வாசிப்பு வேகம் நினைவுக்கு வருகிறது. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொற்களாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது இலக்கு. தமிழ்நாட்டில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் எண்ணறிவையும் முதன்மையாகப் பார்க்கிறது. நல்ல நோக்கங்கள்தான், கொரோனாவுக்குப் பிறகு மிகத் தேவைப்பட்டவையும்கூட. ஆனால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தால் ஒரு திக்கும் பிள்ளையின் வாசிப்புத்திறன் தெரியவராது, திக்கல்தான் தெரியவரும். அந்தப் பிள்ளை மனத்துக்குள் வாசித்துவிட்டு, பத்தியைப் பற்றிய கேள்விகளுக்கு எழுதிப் பதில் சொல்லட்டும். இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கட்டும். வாசிக்கத் தெரிகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். பதிவேட்டில் 'மெல்லக் கற்பவர்' என்று குறிப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பெரிய வகுப்புகளில் செய்முறைத் தேர்வின் வாய்மொழிக் கேள்விகளுக்கும் இதே வேண்டுகோள்தான். வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் "இந்தப் பிள்ளைக்குத் திக்கல் இருக்கிறது, கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அதையும் அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு சொல்லுங்கள்.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்றால், சட்டம் எங்கள் பக்கம் அவ்வளவாக வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் ஒன்று. ஆனால் அதன் விளக்கத்தில் குரல்வளை அகற்றப்பட்ட நிலையும், மூளைப் பாதிப்பால் மொழி இழந்த நிலையும் எடுத்துக்காட்டாக வருகின்றன. திக்கல் என்ற பெயர் இல்லை. அதனால் எங்களில் பெரும்பாலோருக்குச் சான்றிதழும் கிடையாது, கூடுதல் நேரமும் கிடையாது. ஒரு வகுப்பறையில் திக்கும் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய சலுகை என்று ஏதாவது இருந்தால், அது அங்கே நிற்கும் ஆசிரியர்தான்.

எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார், எட்டாம் வகுப்பில், தமிழ் ஐயா. அவர் என் திக்கலைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. கேள்வி கேட்டால் காத்திருப்பார். பார்வையைத் திருப்ப மாட்டார், வாட்சைப் பார்க்க மாட்டார், முகத்தில் பரிதாபமும் இருக்காது. யாராவது சிரித்தால் அந்தப் பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான். நான் முக்கி முக்கிச் சொல்லி முடித்த பிறகு, பதிலைப் பற்றி மட்டும் பேசுவார். "ம், சரி. ஆனா அந்தச் செய்யுள்ல தலைவி ஏன் அப்படிச் சொல்றா? அதையும் சொல்லு." அந்த இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. பெரும்பாலான ஆசிரியர்கள் நான் ஒரு சொல் சொன்னதும் "போதும் போதும், உக்காரு" என்பார்கள், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து. இவர் மட்டும், நான் சொன்னதில் மேலும் கேட்க ஏதோ இருக்கிறது என்று நினைத்தார். அந்த வருடம் நான் எழுதிய கட்டுரைகளும் மாறின. தலைவி ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்துப் பழகிவிட்டேன்.

செய்யக்கூடியவை எதற்கும் நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. வருடத் தொடக்கத்தில், வகுப்பு முடிந்த பிறகு, தனியாகக் கூப்பிட்டு, "வகுப்புல உனக்கு எது வசதியா இருக்கும்? முதல்லயே கேட்கட்டுமா, கை தூக்கினா மட்டும் கேட்கட்டுமா?" என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு முதலிலேயே வாசித்துவிட்டால் நிம்மதி. முறைக்காகக் காத்திருப்பதுதான் வாசிப்பதைவிடக் கொடுமை. வருகைப் பதிவுக்கு எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கினால் போதும் என்று வைத்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு மட்டும் விலக்கு என்றால் அதுவே அடையாளமாகிவிடும், அதனால் எல்லாருக்கும் என்று வையுங்கள். கேலியைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். ஆனால் திக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு வகுப்புக்கு உபதேசம் செய்ய வேண்டாம், அது கேலியைவிட வலிக்கும். அதற்காகப் பேசவே சொல்லாமல் ஒதுக்கிவிடவும் வேண்டாம். சிலர் இரக்கத்தால் மூன்று வருடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த அமைதியில் எங்களுக்கு உள்ளூர நிம்மதிதான், ஆனால் வளர்ச்சி எதுவும் இல்லை.

தொடக்கப் பள்ளி, அங்கன்வாடி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. மூன்று நான்கு வயதில் தொடங்கும் திக்கல் பலருக்குத் தானாகப் போகும் என்பது உண்மை. யாருக்குப் போகும், யாருக்குத் தங்கும் என்று வீட்டில் இருப்பவர்களால் கணிக்க முடியாது என்பதும் உண்மை. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, பேசும்போது பிள்ளை முகத்தை இறுக்கிக்கொண்டாலோ, "வளர்ந்தா சரியாயிடும்" என்று காத்திருக்காமல் ஒரு பேச்சு மொழிப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லுங்கள். சின்ன வயதில் கொடுக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியாளருக்கு இடம் உண்டு, கட்டணம் இல்லை. பெற்றோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நீங்கள் சொன்னால் போவார்கள். பெரிய பிள்ளைகளுக்கும் பயிற்சி உதவும், அதன் நோக்கம் முற்றிலும் திக்காமல் பேசவைப்பது அல்ல. திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிற தைரியமும் இலகுவும் வர வேண்டும், அதுதான்.

பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஊர் நம்முடையது. மேடைப் பேச்சால் அரசியல் வளர்ந்த மண், பட்டிமன்றத்துக்குக் கோயில் திருவிழாவில் இடம் கொடுக்கும் மண். அதை நான் குறை சொல்லவில்லை, நானும் ரசிகன்தான். அந்த ரசனையோடு, ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் பழக்கத்தையும் நம் பிள்ளைகள் உங்களிடம்தான் கற்க முடியும். நாற்பது பேர் பார்க்க நீங்கள் இருபது நொடி அமைதியாகக் காத்திருந்தால், அந்த நாற்பது பேரும் வாழ்நாள் முழுவதும் அப்படிக் காத்திருக்கப் பழகுவார்கள். பின்னாளில் அவர்களில் ஒருவர் வங்கி கவுண்டரில் இருப்பார், ஒருவர் நேர்முகத் தேர்வுக் குழுவில் இருப்பார், ஒருவர் பேருந்து நடத்துநராக இருப்பார். எங்களுக்கு அது போதும்.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 22 உலகத் திக்கல் விழிப்புணர்வு நாள், 1998-லிருந்து கடைப்பிடிக்கிறார்கள். அதற்காக விழா எதுவும் எடுக்க வேண்டாம். அந்த வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க யாருக்கு விருப்பம் என்று எல்லா வகுப்பிலும் கேளுங்கள். திக்கும் பிள்ளை ஒன்று கை தூக்கினால், முதல் மணி ஐந்து நிமிடம் தாமதமாக அடிக்கட்டும் என்று தலைமை ஆசிரியரிடம் இப்போதே சொல்லி அனுமதி வாங்கிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவன் ஒருவன்